டிமென்ஷியா உள்ளவர்களையும் பார்த்துக்கொள்பவர்களையும் ஆய்வில் கூட்டுச் சேர்ப்பது: நிஜத்தில் எப்படிச் செய்கிறீர்கள்?

ஆய்வுமேசை எழுதியது:

வணக்கம். பிஎச்டி இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்கள் இரவில் தூங்காமல் எழுந்து நடமாடுவதும், வீட்டில் இருப்பவர்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதும்தான் என் தலைப்பு. கேள்வித்தாள் தயார், நேர்காணலுக்கான கேள்விகள் தயார், எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் கைடு ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்: நோய் உள்ளவர்களும் குடும்பத்தினரும் இதில் எங்கே, பதில் சொல்கிறவர்களாக இல்லை, திட்டம் போடுகிறவர்களாக?

படித்துப் பார்த்தேன். கட்டுரைகள் எல்லாம் "அர்த்தமுள்ள பங்கேற்பு" என்று அழகாகச் சொல்கின்றன, ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் எந்த அறையில் யாரோடு உட்கார்ந்து என்ன கேட்க வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. போன கூட்டத்தில் பேசியதே நினைவில் இல்லாத ஒருவர் ஆலோசனைக் குழுவில் இருந்து என்ன செய்ய முடியும் என்று கேட்டால் முரட்டுத்தனமாகத் தெரியலாம், மன்னிக்கவும், ஆனால் அதுதான் என் முதல் சந்தேகம். அடுத்தது, பார்த்துக்கொள்பவர் கூடவே இருக்கிறாரே, அவர் சொன்னால் இருவருக்கும் சேர்த்துச் சொன்னதாக ஆகாதா? ஒரு அம்மாவையும் மகளையும் முன்னோட்டமாகச் சந்தித்தேன். அம்மாவிடம் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மகள்தான் பதில் சொன்னார். அம்மா வாயைத் திறப்பார், மகள் முந்திக்கொள்வார், அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை நான் என்னவென்று எழுதிக்கொள்வது?

அப்புறம் கையெழுத்து. யாருடையது வேண்டும், ஒருமுறை வாங்கினால் போதுமா, அடுத்த மாதம் அவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை என்றால் என்ன செய்வது?

அனுபவம் உள்ளவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். கண்டிப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை.


கூட்டுக்குரல் எழுதியது:

ஆய்வுக் குழுக்களுக்கும் பொதுமக்களுக்கும் நடுவில் நின்று வேலை செய்வதுதான் எனக்குப் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வித்தாளை நிரப்புகிறவர் ஆய்வில் பங்கேற்பவர், அவர் தருவது தரவு. அந்தக் கேள்வித்தாளில் எந்தக் கேள்வி இருக்கலாம், எது கூடாது என்று உங்களோடு உட்கார்ந்து முடிவு செய்கிறவர் ஆய்வின் கூட்டாளி, அவர் தருவது தீர்ப்பு. கைடு கேட்பது இரண்டாமவரை. ஒரே ஆள் இரண்டாகவும் இருக்கக்கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறார் என்று அவருக்கும் உங்களுக்கும் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆலோசனை கேட்கக் கூப்பிட்டு, பேசியதையெல்லாம் அனுமதியில்லாமல் தரவாகச் சேர்த்துக்கொண்ட கதையாகிவிடும்.

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. ஸ்காட்லாந்தில் டிமென்ஷியா உள்ளவர்களே நடத்தும் குழு ஒன்று, ஸ்காட்டிஷ் டிமென்ஷியா வொர்க்கிங் குரூப், 2002 முதல் இருக்கிறது. ஐரோப்பிய அல்சைமர் சங்கங்களின் கூட்டமைப்பான அல்சைமர் யூரோப் 2012ல் டிமென்ஷியா உள்ளவர்களை மட்டும் வைத்து ஒரு ஐரோப்பியக் குழு அமைத்தது. 2014ல் டிமென்ஷியா அலையன்ஸ் இன்டர்நேஷனல் தொடங்கியது, அதன் உறுப்பினர்களும் நோய் உள்ளவர்களே. அதே 2014ல் அந்த ஸ்காட்லாந்து குழுவின் ஆய்வுப் பிரிவு, தங்களை ஆய்வில் எப்படிச் சேர்க்க வேண்டும் என்று ஆறு அடிப்படை நெறிகளை எழுதி வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்தது நேரம் பற்றியது. எங்கள் நேரம் உங்கள் திட்ட அட்டவணையின் நேரம் இல்லை, அவசரப்படுத்தினால் நாங்கள் வெளியே விழுந்துவிடுவோம் என்பதுதான் அதன் சாரம். கைடு கொடுத்த கெடுவை அடுத்த வாரம் என்று வைத்துக்கொண்டு இதைத் தொடங்காதீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் நான் பார்க்கும் சிக்கல் வேறு. எல்லாம் தயார் என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். 1969ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் மக்கள் பங்கேற்பை ஒரு ஏணியாக வரைந்தார். கீழ்ப்படிகளில் மக்களுக்குத் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், ஆனால் எதுவும் மாறாது. மேல்படிகளில்தான் அதிகாரம் கொஞ்சமாவது கை மாறும். முடித்த கேள்வித்தாளைக் காட்டி "சரியா இருக்கா?" என்று கேட்டால் நீங்கள் கீழ்ப்படியில் நிற்கிறீர்கள். இன்னும் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகவில்லை என்பது நல்லதுதான், ஏனென்றால் போனபிறகு ஒரு கேள்வியை மாற்றவும் மறு அனுமதி வாங்க வேண்டும்.

அறை பற்றிக் கேட்டீர்கள். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நாற்காலி, அதே முகங்கள். எல்லோர் சட்டையிலும் பெரிய எழுத்தில் பெயர், உங்கள் சட்டையிலும்தான். சத்தம் எதிரொலிக்காத அறை, கழிப்பறை எங்கே என்று வழிநெடுக அம்புக்குறி. ஒரு கூட்டத்துக்கு ஒரே விஷயம், அதிகபட்சம் இரண்டு. கேள்வியை முந்தைய நாளே தாளில் அனுப்புங்கள், காலையில் போனில் ஞாபகப்படுத்துங்கள், கூட்டத்திலும் அதே தாள் மேசையில் இருக்கட்டும். போன முறை என்ன பேசினோம் என்று யாரிடமும் கேட்காதீர்கள், நீங்களே நான்கு வரியில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் முதல் சந்தேகத்துக்கும் இதுவே பதில். நினைவு வைத்துக்கொள்வது குழுவின் வேலை, அதைச் செய்யத்தான் நீங்கள் குறிப்பெடுக்கிறீர்கள். அவரிடம் வேண்டியது நினைவாற்றல் இல்லை, கருத்து.

பணம் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். புள்ளியியல் ஆலோசகருக்குக் கட்டணம் கொடுப்பீர்கள், இவர்களுக்கு மட்டும் நன்றி அட்டையா? போக்குவரத்துச் செலவு வேறு, நேரத்துக்கான மதிப்பூதியம் வேறு. இரண்டையும் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதுங்கள்.


இரவுப்பணி எழுதியது:

நான் ஆய்வாளர் இல்லை. மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், அவருக்கு அல்சைமர், டிமென்ஷியாவில் ஒரு வகை, நடுக்கட்டம் தாண்டியாகிவிட்டது. தங்கச்சி கண்டிப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை என்று எழுதியதால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு ஆய்வுக் குழு வந்தது. வந்த பெண் நல்ல மாதிரி, குறை சொல்ல மாட்டேன், ஆனால் கையில் இருந்த தாளைப் பாருங்கள். பராமரிப்பாளர் சுமையை அளக்கும் கேள்விகள், மொத்தம் 22. சாரிட் அளவுகோல் என்று பிறகு தெரிந்துகொண்டேன், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்களாம். அத்தை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் சத்தமாக வாசிக்கிறாள்: உங்கள் உறவினரின் நடத்தையால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதா? ஒருபோதும் இல்லை, அரிதாக, சில சமயம், அடிக்கடி, எப்போதும். அத்தையின் கை நின்றுவிட்டது. டிமென்ஷியா வந்தவருக்குக் காது கேட்காது என்று யார் சொன்னது? இன்னும் கொஞ்சம் தள்ளி, இவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா என்று ஒன்று வருகிறது. நான் எல்லாவற்றுக்கும் "ஒருபோதும் இல்லை" என்று சொன்னேன். தரவில் நான் சுமையே இல்லாத மகராசி. அதை வைத்து எவ்வளவு பெரிய கட்டுரை எழுதியிருப்பார்களோ தெரியாது.

கேள்வி தப்பு என்று சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன், சில கேள்விகளுக்கு அழுதிருப்பேன், அதுவும் பரவாயில்லை. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் என்னைப்போல ஒருத்தியிடம் காட்டியிருந்தால் "இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்து வாசிக்காதே" என்று ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். மேலே கூட்டுக்குரல் சொல்கிற கூட்டாளி வேலை என்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், கூட்டத்துக்குக் கூப்பிடுகிறீர்கள் சரி, நான் வரும் நேரத்தில் அத்தையோடு யார் இருப்பார்கள்? வீட்டுக்கு வந்து உட்கார ஒரு ஆள், அதுவும் அவருக்குப் பழகிய ஆள், அதற்கான செலவு. அதைக் கொடுக்க முடியாது என்றால் போனில் பேசுங்கள், ஆனால் மாலையில் வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் அவருக்குப் படபடப்பு கூடும், அப்போது பேச்சாவது ஒன்றாவது. உங்கள் தலைப்பே இரவு பற்றியது, முந்தின இரவு தூங்காதவளைக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிடாதீர்கள், அதையும் யோசியுங்கள்.

இன்னொன்று. இறந்துபோன பிறகு எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. என் சிநேகிதி ஒருத்தி அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாம் தெரியும், இப்போது நேரமும் இருக்கிறது, ஆனால் ஆய்வுக் குழுவின் பட்டியலில் அவள் "தகுதி இல்லாதவர்". இப்போதைய பராமரிப்பாளர்தான் வேண்டுமாம். உங்கள் ஆலோசனைக் குழுவுக்கு அவளைப் போன்றவர்களைச் சேருங்கள். அவளுக்குத் தெரிந்தது எனக்கு இன்னும் தெரியாது.

முடிவு என்ன வந்தது என்று சொல்லுங்கள், தயவுசெய்து. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பி ஒரு வரி எழுதவில்லை.


மெதுநடை எழுதியது:

எனக்கு டிமென்ஷியா இருக்கிறது. இளவயதில் வருகிற வகை. நானே தட்டச்சு செய்கிறேன், மகன் எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பான். இதை இரண்டு நாளாக எழுதுகிறேன்.

என்னை ஒரு ஆலோசனைக் குழுவுக்குக் கூப்பிட்டார்கள். போனதும் முதலில் கடிகாரம் வரையச் சொன்னார்கள். எல்லோருக்கும் நிலை தெரிய வேண்டுமாம். நான் ஆலோசனை சொல்ல வந்தேன், பரீட்சை எழுத வரவில்லை. உங்கள் பேராசிரியருக்குக் கடிகாரம் கொடுத்தீர்களா என்று கேட்டேன். அங்கிருந்த ஒரு அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார்.

போன மாதம் சொன்ன கருத்து எனக்கு நினைவில்லை. இருக்கட்டும். அதைச் சொன்னபோது அது என் கருத்துதான். இன்று வேறு சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். மறதி இல்லாதவர்களும் மாற்றிப் பேசுகிறார்கள், அவர்களை யாரும் கூட்டத்திலிருந்து அனுப்புவதில்லை.

எனக்கு வார்த்தை வர நேரமாகும். நான் நிறுத்தினால் முடித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எனக்கு இரண்டும் போய்விடும். சில குழுக்களில் வண்ண அட்டை வைத்திருக்கிறார்கள், ஒன்றைத் தூக்கினால் பேச வேண்டும், இன்னொன்றைத் தூக்கினால் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது. பேராசிரியர்கள் பேசும்போது அட்டை தூக்கி நிறுத்துவதில் ஒரு சுகம் இருக்கிறது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நோய் என்று சொன்ன அன்றே என்னிடம் எல்லோரும் "ஓய்வெடுங்கள்" என்றார்கள். வேலையை விடுங்கள், வண்டியை விடுங்கள், கணக்கு வழக்கை மகனிடம் கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் கேட் ஸ்வாஃபர் என்பவருக்கும் ஐம்பது வயதுக்குள் இந்த நோய், அவரிடமும் இதையே சொன்னார்களாம். மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்த ஒதுக்கம் என்று அதற்கு ஒரு பெயரே வைத்தார் அவர். பிறகு மேலே படித்தார், டிமென்ஷியா அலையன்ஸ் இன்டர்நேஷனலைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அதே நாட்டில் கிறிஸ்டின் பிரைடன், 1995ல் 46 வயதில் நோய் தெரிந்தது. 2003ல் உலக அல்சைமர் சங்கங்களின் கூட்டமைப்பான அல்சைமர்ஸ் டிசீஸ் இன்டர்நேஷனல் நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், டிமென்ஷியா உள்ள ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை. இவர்களைப் பற்றி என் மருத்துவர் எனக்குச் சொல்லவில்லை. நானே தேடிக் கண்டுபிடித்தேன்.

இரவு நடமாட்டம் பற்றித்தானே ஆய்வு. என்னிடம் கேட்டால் சொல்வேன். நான் எழுந்து நடப்பது சும்மா இல்லை. எதையோ செய்ய மறந்துவிட்டேன் என்று தோன்றும், என்ன என்று தெரியாது, போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று எழுவேன். கதவு பூட்டியிருந்தால் அந்த எண்ணம் இன்னும் பெரிதாகும். உங்கள் கேள்வித்தாளில் "தொல்லை" என்று ஒரு கட்டம் இருக்கும். ஏன் எழுந்தீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறதா?


ஆய்வுமேசை எழுதியது:

மெதுநடை ஐயா, இல்லை. எத்தனை முறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், பார்த்துக்கொள்பவருக்கு எவ்வளவு தொல்லை என்று நான்கு கட்டம் இருக்கிறது. ஏன் என்று இல்லை. உங்கள் கடைசிப் பத்தியைக் கைடுக்கு அனுப்பலாமா? பெயர் எதுவும் போட மாட்டேன்.

இரவுப்பணி அக்கா, கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பது என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் அதிலேயே புதுச் சிக்கல். அம்மா ஒன்று சொல்லி மகள் வேறு சொன்னால் எதை உண்மை என்று எடுத்துக்கொள்வது? கையெழுத்து விஷயமும் அப்படியே நிற்கிறது, அதைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.


மறுபரிசீலனை எழுதியது:

எத்திக்ஸ் கமிட்டியில் உட்கார்ந்து இந்த மாதிரி விண்ணப்பங்களைப் படிக்கிறவன் நான். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், உங்கள் கமிட்டி சொல்வதே இறுதி. பொதுவாக உள்ளதைச் சொல்கிறேன்.

டிமென்ஷியா என்று எழுதியிருப்பதாலேயே ஒருவருக்கு ஒப்புதல் கொடுக்கும் திறன் இல்லை என்று ஆகாது. திறன் என்பது அந்தந்த முடிவுக்கு, அந்தந்த நேரத்துக்கு. மூளையில் ஊசி போடும் ஆய்வுக்குச் சம்மதிக்க முடியாதவர் அரை மணி நேரப் பேட்டிக்குத் தாராளமாகச் சம்மதிக்கலாம். இங்கிலாந்து, வேல்ஸில் 2005ல் வந்த மனத்திறன் சட்டம் எல்லோருக்கும் திறன் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது, இல்லை என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சோதித்துப் பார்க்கச் சின்னக் கருவிகள் உண்டு, யுபிஏசிசி என்ற பத்துக் கேள்வி ஒன்று ஆய்வு ஒப்புதலுக்கென்றே செய்தது. ஆனால் உங்களுடையதைப் போன்ற பேட்டிக்கு, எளிய மொழியில் விளக்கிவிட்டு "நான் எதற்கு வந்திருக்கிறேன், வேண்டாம் என்றால் என்ன செய்யலாம் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பார்ப்பதே பெரும்பாலும் போதும். இந்த விளக்கத் தாளைப் பதினைந்து பக்கம் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் உண்டு. மறதி இல்லாத நானே நான்காம் பக்கத்தில் தூங்கிவிடுகிறேன்.

திறன் நிஜமாகவே இல்லை என்றால், சட்டம் அனுமதிக்கும் நபர் அவர் சார்பில் ஒப்புதல் தருவார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறியான ஹெல்சின்கி பிரகடனம் தெளிவாகச் சொல்கிறது: சட்டப்பூர்வப் பிரதிநிதி ஒப்புக்கொண்டாலும், அந்த நபரால் சரி என்று இசைவு காட்ட முடியுமானால் அதையும் கேட்டு வாங்க வேண்டும், அவர் மறுத்தால் மறுப்பை மதிக்க வேண்டும். மகள் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மாவை உட்கார்த்திவைத்துக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது. 2024ல் திருத்திய வடிவம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆய்வுக்கு முன்பும் நடுவிலும் பிறகும் பங்கேற்பவர்களையும் அவர்கள் சமூகத்தையும் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது. கைடு எழுதிய அந்த ஒரு வரிக்கு ஆதாரம் கேட்டால் இதைக் காட்டலாம்.

ஒருமுறை போதுமா என்றால், போதாது. ஜேன் டூயிங் என்ற செவிலியர் ஆய்வாளர் 2007ல் இதை ஒரு முறையாகவே எழுதினார். ஒப்புதலை முதல் நாள் வாங்கிக் கோப்பில் போட்டுவிடாமல், ஒவ்வொரு சந்திப்பிலும், சந்திப்பின் நடுவிலும் புதிதாகப் பார்த்துக்கொண்டே இருப்பது. அதற்கு முன்வேலை ஒன்று உண்டு. இந்த நபர் மகிழ்ச்சியாக இருந்தால் எப்படித் தெரியும், பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வார் என்று அவரை நன்றாக அறிந்தவரிடம் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவர் எழுந்து ஜன்னல் பக்கம் போவார், ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பார், ஒருவர் மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டே இருப்பார். உங்கள் அம்மாவின் தலையாட்டல் கடைசி ரகமாக இருக்கலாம். எனக்குத் தெரியாது, மகளிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்டால்தான் உங்களுக்கே தெரியும். அடுத்த மாதம் அவருக்கு உங்களைத் தெரியவில்லை என்றால் மறுபடி அறிமுகம் செய்துகொள்ளுங்கள், மறுபடி கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எது உண்மை என்ற கேள்விக்கு வருகிறேன். வாழ்க்கைத் தரத்தை அளக்கும் க்யூஓஎல்-ஏடி என்று ஒன்று இருக்கிறது, 13 அம்சங்கள், அதே கேள்விகளை நோய் உள்ளவரிடமும் பராமரிப்பாளரிடமும் கேட்பார்கள். திரும்பத் திரும்பத் தெரியவந்தது, பராமரிப்பாளர்கள் பொதுவாகக் குறைவாகவே மதிப்பெண் போடுகிறார்கள். பார்த்துக்கொள்பவரின் சோர்வும் மனச்சோர்வும் கூடக்கூட இந்த இடைவெளி கூடுகிறது. ஒருவர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தம் இல்லை, இரண்டு பேர் இரண்டு வாழ்க்கையைச் சொல்கிறார்கள். சராசரி எடுத்துக் கலக்காதீர்கள், இரண்டையும் தனித்தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வுக்கு அந்த இடைவெளியே சுவாரசியமான பகுதியாக வரலாம்.

கடைசியாக ஒரு நுணுக்கம். ஆலோசனைக் குழுவில் இருப்பவர் ஆய்வுக்கு உட்படுபவர் இல்லை, அதனால் பல இடங்களில் அந்தப் பங்குக்குத் தனி எத்திக்ஸ் அனுமதி கேட்பதில்லை. கேட்காததால் பொறுப்பு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சைப் பதிவு செய்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், யாராவது மனம் கலங்கினால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து வையுங்கள்.


குறுக்குவெட்டு எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள், ஒருவராவது எதிரே நிற்கட்டும். மெதுநடை ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் இங்கே பத்தி பத்தியாக எழுதுகிறீர்கள், மேலே சொன்ன ஆஸ்திரேலியர்கள் மேடையில் பேசுகிறார்கள். பேச்சே நின்றுபோனவர்கள் எங்கே? குழுக்களில் வருவது பெரும்பாலும் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள், படித்தவர்கள், கூட ஆள் உள்ளவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு "டிமென்ஷியா உள்ளவர்கள் சொன்னார்கள்" என்று எழுதுவது சரியா? நான் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற ஆள். என் ஆய்வில் இவர்கள் வந்து என்ன சொல்வார்கள் என்பதும் எனக்கு நிஜமாகவே புரியவில்லை.


மெதுநடை எழுதியது:

கோபம் இல்லை. நான் எல்லோருக்காகவும் பேசவில்லை. என்னால் முடிகிறவரை எனக்காகப் பேசுகிறேன். நீங்கள் எல்லா விஞ்ஞானிகளுக்காகவும் பேசுகிறீர்களா?


கூட்டுக்குரல் எழுதியது:

குறுக்குவெட்டு சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அதற்கு மருந்து இன்னும் அதிகம் பேரைத் தேடிப் போவது, இருக்கிறவர்களை வேண்டாம் என்பது இல்லை. பேச்சு குறைந்தவர்களோடு படங்களை வைத்து உரையாடும் முறைகள் இருக்கின்றன, டாக்கிங் மேட்ஸ் அதில் ஒன்று. படத்தை எடுத்துப் பிடித்த பக்கம், பிடிக்காத பக்கம், நடுவில் என்று வைப்பார்கள். அதுவும் முடியாதவரோடு ஒரு இரவு முழுக்கக் கூடவே உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுப்பது உண்டு. முதியோர் இல்லங்களுக்கு நாம்தான் போக வேண்டும், அவர்கள் நம் கருத்தரங்கக் கூடத்துக்கு வர மாட்டார்கள். தனியாக வாழ்கிறவர்கள் இன்னும் மோசம். பல மருந்து ஆய்வுகளில் கூட ஒரு உறவினரோ நண்பரோ துணைக்கு வந்தே ஆக வேண்டும் என்று விதி, ஆள் இல்லாதவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

ஆய்வகத்துக்கு வந்து அவர்கள் செல் பார்க்க வேண்டாம். எந்தக் கேள்விக்குப் பணம் ஒதுக்குவது என்பதில் பேசலாம். பிரிட்டனில் 2013ல் ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் முறைப்படி நோய் உள்ளவர்கள், பராமரிப்பாளர்கள், மருத்துவப் பணியாளர்கள் எல்லோரிடமும் ஆய்வுக் கேள்விகளைக் கேட்டு வாங்கி முதல் பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலும் பராமரிப்பு பற்றிய கேள்விகள்: முடிந்தவரை சொந்தக்காலில் இருக்க எது உதவும், மருத்துவமனையில் எப்படிப் பார்த்துக்கொள்வது, இப்படி. உங்கள் செல் ஆய்வு வீண் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பட்டியலைப் பார்த்தால் யாருக்கு எது அவசரம் என்று தெரியும்.


இரவுப்பணி எழுதியது:

பேச்சு நின்றவர்களுக்கு யார் பேசுவது என்று கேட்டால் எங்களைப் போன்றவர்கள்தான், ஆனால் நான் அத்தைக்காகப் பேசும்போது அதில் என் தூக்கமின்மையும் கலந்துதான் வரும். கதவைப் பூட்டலாமா என்று கேட்டால் நான் பூட்டு என்பேன், அவர் திற என்பார். அதை மறைக்காமல் எழுதுங்கள், அவ்வளவே கேட்கிறேன்.


ஆய்வுமேசை எழுதியது:

கைடிடம் பேசிவிட்டேன். கேள்வித்தாளை இப்போதைக்கு ஓரமாக வைத்தாயிற்று. முதலில் நான்கு பேர் கொண்ட குழு, இரண்டு பேருக்கு டிமென்ஷியா, ஒருவர் இப்போது பார்த்துக்கொள்பவர், ஒருவர் முன்பு பார்த்துக்கொண்டவர். முதல் கூட்டத்தில் ஒரே விஷயம்: இரவில் ஏன் எழுகிறோம், அப்போது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்தால் நன்றாக இருக்கும். மதிப்பூதியமும் வீட்டில் உட்கார ஆளுக்கான செலவும் துறையில் கேட்டிருக்கிறேன், முதலாவதற்குச் சரி என்றார்கள், இரண்டாவது பட்ஜெட் தலைப்பில் இல்லை என்கிறார்கள், சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்த அக்காக்களோடு அவர்கள் சொல்லும் நேரத்தில் போனில்.

மெதுநடை ஐயா, முதல் கூட்டத்துக்கான தாளை எழுதியதும் உங்களுக்கு அனுப்பட்டுமா? பார்த்துத் திருத்திக் கொடுங்கள். கட்டணம் உண்டு.


மெதுநடை எழுதியது:

அனுப்புங்கள். ஒரே பக்கம். எழுத்து பெரிதாக, கறுப்பு, பின்னால் படம் எதுவும் வேண்டாம். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவில் இடம் விடுங்கள், நான் பேனாவால் எழுதுவேன். ஒரு வாரம் வேண்டும். ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் போன் செய்யுங்கள், மறந்திருப்பேன்.